தொடும் கையும் சரீர ஞானமும்

(காட்டாங்குளத்தூரில், உடற்சிகிச்சை பயிலும் மாணவர்களும் தொக்கணம், சுளுக்கு நீவுதல் முதலிய தொழில் புரிவோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாம்பரம் சானடோரியத்தில் மின்சார ரயிலேறிச் செங்கற்பட்டு வரையில் செல்கிற ஒருவர், அந்த ஒரே இருப்புப்பாதையின் ஓரத்தில் வைத்திய சாஸ்திரத்தின் பல கிளைகளைக் கண்டுகொண்டே போகலாம். காசநோயாளருக்காக டாக்டர் சவுரிமுத்து 1928-ஆம் ஆண்டில் தோற்றுவித்த ஆரோக்கிய நிலையம், இன்றும் அந்த ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்து நிற்கிறது. அதற்கருகில் 2005-ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. வண்டலூரும் கூடுவாஞ்சேரியும் கடந்தால், மருத்துவமும் உடற்சிகிச்சையும் பயிலும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் பொத்தேரியில் இறங்கி இந்தக் காட்டாங்குளத்தூர்க் கல்லூரிகளுக்குள் நுழைகிறார்கள். பாதை முடியுமிடத்தில் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியும், அவ்வூரை அடுத்த திருமணியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. பிறர் உடம்பைத் தொட்டுக் குணப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குச் சரீர அமைப்பைப் பற்றிய ஞானமும், அச்சரீரம் தொழிற்படும் முறையைப் பற்றிய ஞானமும் ஏன் இன்றியமையாதவை என்பதைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் தேடிப் போக வேண்டுவதில்லை.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு சிறு காரியம் செய்யும்படி உங்களை வேண்டிக்கொள்கிறேன். இடக்கையைப் பாதி மடக்குங்கள். வலக்கையின் ஆட்காட்டி விரலால், முழங்கையின் உட்புறத்தில் புடைத்திருக்கும் எலும்பு முனையைத் தொடுங்கள். அதற்கும் முழங்கையின் கூர்நுனிக்கும் இடையே ஒரு சிறு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து மெல்ல இப்படியும் அப்படியும் உருட்டினால், கயிறு போன்ற ஒன்று விரலுக்கடியில் நழுவும். சுண்டுவிரல் வரையில் ஒரு கூச்சம் ஓடும். நீங்கள் தொட்டது தசையுமன்று, எலும்புமன்று. அல்னார் நரம்பு எனப் பெறும் நரம்பு. கழுத்தடியிலிருந்து புறப்பட்டுக் கைந்நுனி வரையில் செல்லும் அந்த நரம்பு, மற்ற இடங்களில் பெரும்பாலும் தசைகளுக்குள் பாதுகாப்பாகப் பதிந்து கிடக்கிறது. இந்த இடத்திலோ தோலுக்கும் எலும்புக்கும் நடுவே காவலின்றி வெளிவருகிறது. முழங்கை வலிக்கிறதென்று வந்த ஒருவருக்குத் தைலம் தடவிக் கட்டைவிரலால் அழுத்தி உருவுகிறவர், அந்தப் பள்ளத்தில் என்ன இருக்கிறதென்று அறியாமல் நாள்தோறும் அழுத்தினால், முழங்கை வலி தீருகிறதோ இல்லையோ, சில வாரங்களில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகக் கூடும். அறிந்தவர் அந்தப் பள்ளத்தை விட்டு விலகி, முன்கைத் தசைகள் எலும்பில் பற்றியிருக்கும் இடத்தில் தம் வேலையைச் செய்வார். இருவருக்கும் தைலம் ஒன்றே, கைவலிவும் ஒன்றே, வேற்றுமை அந்த அரை அங்குல இடத்தைப் பற்றிய அறிவில்தான் இருக்கிறது.

இதே நரம்பைப் பற்றிய ஒரு வரலாறு இவ்விடத்துக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டில் பாதிரிமாரின் மகனாகப் பிறந்து, இங்கிலாந்தில் அறுவை வைத்தியம் கற்று, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், மறு ஆண்டு செங்கற்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் ஆரோக்கிய நிலையத்தைப் பார்க்க வந்தார். அதனை நடத்தி வந்தவர் தொழுநோய் நிபுணராகிய டாக்டர் ராபர்ட் காக்ரேன். தோட்டத்தில் நடந்துகொண்டே அவர் தோலில் தோன்றும் மாற்றங்களைப் பற்றி விளக்கிவர, பிராண்டின் கண்களோ நோயாளிகளின் கைகளையே பார்த்தன. விரல்கள் கழுகின் நகம்போல் உள்வளைந்து கிடந்தன. இவற்றுக்கு ஏன் எவரும் எதுவும் செய்யவில்லை என்று அவர் கேட்டார். எலும்பு மருத்துவர் எவரும் இதுவரை இந்தக் கைகளைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பதே கிடைத்த விடை. பிராண்ட் ஒரு நோயாளியின் அருகில் சென்று, அவருடைய வளைந்த விரல்களுக்கிடையே தம் கையை நுழைத்து, இறுகப் பற்றச் சொன்னார். செயலற்றதென்று எல்லாரும் நினைத்திருந்த அந்தக் கை, வைத்தியர் வலி தாங்காமல் விடச் சொல்லும்படி அவ்வளவு வலிமையாகப் பற்றியது.

கை முழுவதும் செத்துவிட்டதென்பது பொய் என்று அந்த ஒரு பிடியிலேயே பிராண்டுக்கு விளங்கிவிட்டது. விரல்களை மடக்குகிற நீண்ட தசைகள் உள்ளங்கையில் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. அவற்றுக்குச் செல்லும் நரம்புக் கிளைகளும் முழங்கைக்கருகிலோ அதற்கு மேலோ பிரிந்துவிடுகின்றன. விரல்களை நேராக நிறுத்தி நுட்பமான வேலைகளைச் செய்ய உதவும் சிறு தசைகளே உள்ளங்கையில் இருக்கின்றன. ஆகவே, முன்கைத் தசைகள் உயிரோடிருக்க உள்ளங்கைத் தசைகள் மட்டும் செயலிழந்தால், விரல்கள் இப்படித்தான் வளையும். பின்னர், செங்கற்பட்டில் இறந்துபோன ஒரு நோயாளியின் உடலை ஆராய வாய்ப்புக் கிடைத்தபோது, பிராண்ட் அதன் கை கால்களின் நரம்புகளை நுனியிலிருந்து மேல்நோக்கிப் பிரித்துப் பார்த்தார். நரம்புகள் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கெட்டிருக்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலும், மணிக்கட்டருகிலும், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் அருகிலும் மட்டும் வீங்கிப் பருத்திருந்தன. அவ்விடங்களெல்லாம் நரம்பு தோலை ஒட்டி வருகிற இடங்கள். உடம்பின் உட்பகுதியைவிடச் சூடு குறைந்த இடங்கள். குளிர்ச்சியை விரும்பும் தொழுநோய்க் கிருமிக்கு உகந்த இடங்கள். எந்தத் தசை போகும், எந்தத் தசை பிழைக்கும் என்பது அதன்பின் முன்கூட்டியே சொல்லக்கூடிய விஷயமாயிற்று. பிழைத்த தசையின் தசைநாணை எடுத்துச் செத்த தசையின் வேலைக்கு மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையை அவர் வேலூரில் தொடங்கினார்.

அறுவையோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதை இங்குள்ள உடற்சிகிச்சை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நேற்று வரையில் விரலை மடக்கிக்கொண்டிருந்த தசை, இன்று முதல் விரலை நிமிர்த்த வேண்டுமென்றால், அதற்கு மூளையும் தசையும் புதிய பாடம் படிக்க வேண்டும். அதைக் கற்பிப்பவர் கத்தி பிடித்தவர் அல்லர். நாள்தோறும் அருகில் அமர்ந்து, அந்த விரல்களைத் தம் விரல்களால் தாங்கி, “இந்தத் தசையை நினைத்து இழுங்கள்” என்று வழிகாட்டும் உடற்சிகிச்சையாளரே. எந்தத் தசை எங்கிருந்து எங்கே மாற்றப்பட்டிருக்கிறதென்று அறியாத ஒருவரால் அந்தப் பாடத்தைச் சொல்லித்தர முடியுமா? தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், வலியுணர்வு போய்விட்டதால் நோயாளி அறியாமல் தானே காயப்படுத்திக்கொள்வதுதான் காரணம் என்று நிலைநாட்டியதும் பிராண்டின் பணியே. துருப்பிடித்த பூட்டைத் திறக்க அவர் முயன்று முடியாமற்போக, தொழுநோயுற்ற ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். பிறகு பார்த்தால், சாவியின் விளிம்பு அவன் விரலை எலும்பு தெரியும்படி அறுத்திருந்தது. அவனுக்கோ அது தெரியவே இல்லை.

இந்தக் கதை தொழுநோய்க்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். நீரிழிவு பல ஆண்டுகள் உடம்பில் தங்கிவிட்டால், பாதத்து நரம்புகளும் இவ்வாறே உணர்விழக்கின்றன. நம் புறநகர்களில் நீரிழிவு இல்லாத தெருவைக் காண்பது அரிதாகிவிட்டது. பாதம் எரிகிறது, மதமதக்கிறது என்று வரும் அத்தகைய ஒருவருக்குச் சூடான மணல் ஒத்தடமோ, கிழி ஒத்தடமோ கொடுக்கிறவர், “சூடு பொறுக்கிறதா?” என்று கேட்டு அவர் தலையசைப்பதை நம்பினால், அந்தப் பதில் எதற்கும் பயன்படாது. பொறுக்கிறது என்றே அவர் சொல்வார். தோல் வெந்து கொப்புளித்த பிறகும் அப்படியேதான் சொல்வார். கிழியைத் தம் முன்கையில் வைத்துச் சூடு பார்த்து, பின்னர் நோயாளியின் பாதத்தில் பஞ்சுநுனியால் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பரீட்சித்த பிறகே ஒத்தடத்தைத் தொடங்க வேண்டும்.

“என் பாட்டனார் இதையெல்லாம் படித்தாரா? அவர் தொட்டாலே சுளுக்கு விட்டதே” என்று கேட்பவர்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை நான் அவமதிக்கமாட்டேன். நம் பெரியோர் சரீரத்தை அறியாதவர்கள் என்று சொல்வது பெரும் பிழை. உடம்பிலுள்ள வர்மத் தலங்கள் 108 என்றும், அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் வகுத்த கன்னியாகுமரிப் பகுதி ஆசான்மார்கள், அடிபட்டால் உயிருக்கே ஆபத்து விளையும் இடங்களையும் இளக்கிச் சீர்செய்யத்தக்க இடங்களையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளுள் ஒன்றாகிய தொக்கணம், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாக விரிகிறது. ஒவ்வொரு வகைக்கும் ஏற்ற இடமும் ஏற்காத இடமும் உண்டென்று குருமார்கள் போதித்தார்கள். சுசுருதரோ, சரீரத்தை அறிய விரும்புகிறவன் நூலையும் படிக்க வேண்டும், கண்ணாலும் காண வேண்டும் என்ற கருத்தினர். பிரேதத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவிட்டு, பின்னர் வேர்களாலான தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தோல் முதல் உள்ளுறுப்புகள் வரை ஒவ்வோர் அடுக்காகப் பார்க்கும் முறையை அவர் நூல் விவரிக்கிறது.

ஆகவே, நீவுகிற தொழிலுக்குச் சரீர சாஸ்திரம் அந்நியமானதன்று. இடைக்காலத்தில் கைவிட்டுப்போன தன் சொந்த உடைமையையே அது திரும்பப் பெறுகிறது. ஐரோப்பாவிலும் இந்த இழப்பு நேர்ந்தது. காலென் என்னும் கிரேக்க வைத்தியர் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து எழுதியவற்றை, ஏறக்குறைய 1300 ஆண்டுகள் மனித உடலின் உண்மையென்றே ஓதிவந்தார்கள். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளாலானது என்பதும் அவற்றுள் ஒன்று. வெசாலியஸ் தாமே பிரேதங்களை அறுத்துப் பார்த்து 1543-இல் தம் நூலை வெளியிட்டபோதுதான், அது ஒரே எலும்பு என்னும் எளிய உண்மை நிலைபெற்றது. நம் நாட்டில் 1836-இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா என்னும் வைத்தியர் சாதிக் கட்டுப்பாட்டை மீறிப் பிரேத பரிசோதனைக் கத்தியைக் கையிலெடுத்ததைப் பெரும் புரட்சியாகவே அன்று கருதினார்கள். குருவின் சொல்லுக்கு மதிப்பளிப்பது நம் பண்பு. ஆனால் குரு தொட்ட நோயாளி வேறு. இன்று நம்முன் படுத்திருக்கும் நோயாளி வேறு. இடுப்பின் பின்புறத்திலுள்ள பெருநரம்பு பெரும்பாலோருக்கு ஒரு சிறு தசைக்குக் கீழாக வெளிவர, சிலருக்கு அத்தசையையே ஊடுருவிக்கொண்டு வருகிறது. எந்த ஓலைச் சுவடியும் இந்த ஒருவருடைய உடம்பைப் பார்த்து எழுதப்பட்டதன்று.

தொடக்கூடாத வேளைகளைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். என் கருத்தில், சரீர ஞானம் ஒரு சிகிச்சையாளருக்குத் தரும் வரங்களுள் தலையாயது, எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்னும் விவேகமே. நெடுநாள் படுக்கையில் கிடந்தவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பிரசவித்த தாய், வெகுதூரம் பஸ்ஸிலோ விமானத்திலோ உட்கார்ந்தே வந்தவர் ஆகியோரில் ஒருவர், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிக்கிறதென்று வந்தால், அங்கே ஆழத்திலுள்ள சிரையில் இரத்தம் உறைந்திருக்கக் கூடும். அதை உருவிவிட்டால் உறைகட்டி பெயர்ந்து, மேல்நோக்கிச் சென்று, இதயத்தின் வலப்பாகத்தைக் கடந்து நுரையீரல் தமனியை அடைத்துவிடலாம். அங்கே தைலப் புட்டியைத் திறப்பதே குற்றம். உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதே சிகிச்சை. முடிதிருத்தும் நிலையங்களில் தலையைப் பிடித்துவிட்ட பின், “சொடுக்கு எடுக்கட்டுமா?” என்று கேட்டுக் கழுத்தை ஒரு வெட்டு வெட்டித் திருப்புகிறார்கள். கழுத்து முள்ளெலும்புகளின் இரு பக்கத்துத் துவாரங்களினூடே மூளைக்குச் செல்லும் இரண்டு தமனிகள் ஏறுகின்றன. திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் நேரக்கூடும். அந்தச் சொடுக்கொலியோ எலும்பு இடத்தில் அமர்ந்ததன் ஒலியன்று. மூட்டுக்குள்ளிருக்கும் நீரில் வாயு குமிழாகப் பிரிவதால் எழுவது. அவ்வொலிக்காக ஒருவர் தம் மூளையின் இரத்த ஓட்டத்தைப் பணயம் வைக்க வேண்டுவதில்லை.

சென்னைப் புறநகரெங்கும் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் புத்தூர்க் கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முறிந்த எலும்பை அசையாமல் வைத்தால் அது தானே கூடும் என்பது மெய். ஏழை மக்களுக்கு அந்தக் கட்டு நெடுங்காலமாக உதவிவந்ததும் மெய். ஆனால் முன்கை எலும்பு முறிந்தபின் உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே போகும். அங்குள்ள தசைகளைச் சுற்றி நெகிழ்ந்துகொடுக்காத உறை ஒன்று இருக்கிறது. அதன்மேல் மூங்கில் பட்டையும் துணியும் இறுகினால், உள்ளழுத்தம் மிகுந்து, தசைக்கு இரத்தம் நின்றுவிடும். ஏறக்குறைய 6 மணி நேரம் அப்படி நின்றால் தசை மீட்க முடியாதபடி சாகத் தொடங்கும். பின்னர் கை வாழ்நாள் முழுதும் சுருங்கிப் போகும். ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1881-இல் விவரித்த இந்தக் கேடு, பிள்ளைகளின் முழங்கை முறிவில் இன்றும் நேர்கிறது. கட்டுப் போட்டபின் குழந்தை இடைவிடாமல் கதறினால், விரலை நிமிர்த்தும்போது உயிர் போவதுபோல் வலித்தால், விரல்கள் மரத்தால், வீம்பு பார்க்காமல் கட்டை அக்கணமே அவிழ்க்க வேண்டும். இரவானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நோவு உண்டாகும் இடமும் நோவு தெரியும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. இந்த ஒரு விஷயத்தை நீங்கள் எல்லாரும் இன்று வீட்டுக்கு எடுத்துச் சென்றால் போதும் என்பேன். இடத்தோளும் இடக்கையும் இறுகி வலிக்கின்றன, வியர்க்கிறது என்று ஒருவர் சொன்னால், நம் வீடுகளில் முதலில் எழும் சொல் “வாயுப் பிடிப்பு” என்பதே; உடனே பூண்டும் பெருங்காயமும் வரும்; ஒருவர் முதுகை நீவத் தொடங்குவார். இதயத்திலிருந்து வரும் உணர்ச்சி நரம்புகளும், மார்பின் மேற்பகுதியிலிருந்தும் கையின் உட்புறத்திலிருந்தும் வரும் நரம்புகளும் தண்டுவடத்தின் ஒரே மட்டங்களில் நுழைகின்றன. ஆகையால், இதயம் இரத்தமின்றித் தவிக்கும்போது, அந்தத் தவிப்பைக் கையின் வலியாக மூளை கொள்கிறது. பித்தப்பை நோய் வலத்தோளில் தெரிவதும் இவ்வகையினதே. வாயு என்று நீவிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரம், இதயத் தசை பிழைப்பதற்கும் சாவதற்கும் இடையிலான ஒரு மணி நேரமாக இருக்கலாம். அவ்வாறே, இடுப்பு வலியோடு வந்தவர் சிறுநீர் பிரியவில்லை என்றும், ஆசனப் பகுதி மரத்திருக்கிறது என்றும் சொன்னால், அது சாதாரண இடுப்புப் பிடிப்பன்று. தண்டுவடம் முடிந்தபின் கீழிறங்கும் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கிறது. அதை இழுத்தும் திருகியும் காலம் கடத்தினால் அவர் மீளமாட்டார்.

பிறந்த குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிமாரின் கைத்திறனை நான் மனமாரப் போற்றுகிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை முறையாக நீவிவிட்டால் அவை எடை கூடுகின்றன என்பதை டிஃபனி ஃபீல்டு என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. நீவப்பெற்ற குழந்தைகள் மற்றவற்றைவிட 47 சதவீதம் மிகுதியாக எடை கூடின. ஆயினும், அதே பாட்டிமார் சிலர் குழந்தையின் மார்பு தடித்திருக்கக் கண்டு, பாலை எடுக்க வேண்டுமென்று பிதுக்குகிறார்கள். தாயின் சரீரத்து ரசங்கள் குழந்தையின் இரத்தத்தில் தங்கியிருப்பதால் வரும் தடிப்பு அது. சில வாரங்களில் தானே வடிந்துவிடும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலில் இறங்கி அழற்சியை உண்டாக்கும். உச்சிக்குழி ஏறக்குறைய 18-ஆவது மாதத்தில்தான் மூடுகிறது; அதற்குள் தலையைப் பிடித்து உருண்டையாக்க முயல்வது தகாது. உரம் எடுப்பதும் குடலேற்றம் தட்டுவதும் இவ்வாறே தக்கவர்களால் ஆராயப்பட வேண்டியவை. வாந்தியெடுக்கும் சிசுவை வயிற்றில் தட்டிக்கொண்டே இருந்தால், நீர் வற்றிப்போகும் நிலை கண்ணுக்குத் தப்பிவிடும்.

சரீர சாஸ்திரத்தில், தொடுதலால் உடம்பில் என்ன விளைகிறது என்பதைச் சொல்லும் பகுதி, தொழிலுக்குச் சத்தியத்தைக் கற்பிக்கிறது. ஓடியாடியபின் தசையில் தங்கும் லாக்டிக் அமிலத்தை நீவுதல் வெளியேற்றுகிறது என்று பல விளம்பரங்கள் கூறுகின்றன. அவ்வமிலம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடம்பாலேயே அகற்றப்பட்டுவிடுகிறது. மறுநாள் வரும் வலிக்குத் தசைநார்களில் ஏற்படும் நுண்சிதைவே காரணம். அப்படியானால் நீவுதலுக்குப் பிரயோஜனமில்லையா? உண்டு; காரணம் வேறு. மெல்சாக், வால் என்னும் இருவர் 1965-இல் வெளியிட்ட கொள்கையின்படி, தொடுவுணர்ச்சியைக் கொண்டுசெல்லும் பருத்த நரம்பிழைகள் தண்டுவடத்தில் நுழையும்போது, வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளின் செய்தி அங்கேயே தடுக்கப்படுகிறது. இடித்துக்கொண்ட குழந்தையின் முழங்காலைத் தாய் தேய்த்துவிட்டதும் அழுகை அடங்குவது இதனால்தான். இதைத் தெரிந்த சிகிச்சையாளர், “உங்கள் உடம்பிலுள்ள நச்சையெல்லாம் எடுத்துவிட்டேன்” என்று பொய் சொல்லத் தேவையில்லை, “வலி குறைந்திருக்கும் இந்த நேரத்தில் மூட்டை அசைத்துப் பழகுங்கள்” என்று உண்மையைச் சொல்லுவார், நோயாளியும் பிழைப்பார். சரீரம் அறியாமல் அழுத்துகிறவரின் நிலை, குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று கேளாமல் சாலையைத் தோண்டுகிறவனின் நிலையே. நூறு நாள் ஒன்றும் நேராது. நூற்றொன்றாம் நாள் தெருவே இருண்டுவிடும்.

இவ்வளவும் ஆங்கிலத்தில் பெரும் புத்தகங்களாக இருக்கின்றனவே, கூடுவாஞ்சேரியில் சலூன் நடத்துபவரும் ஊரப்பாக்கத்தில் சுளுக்கு நீவுபவரும் எங்ஙனம் கற்பார்கள் என்று கேட்கலாம். அந்தத் தடையை யாழ்ப்பாணத்தில் ஒருவர் 150 ஆண்டுகளுக்கு முன்னரே தகர்த்துவிட்டார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, தமிழ் கற்று, தமிழிலேயே வைத்தியம் போதித்தார். ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்னும் பெயரால் 1852-லும், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரால் 1872-லும் சரீர சாஸ்திர நூல்கள் தமிழில் அச்சேறின. ரயிலும் மின்சாரமும் இல்லாத ஊரில், பழைய வழக்கங்களில் ஊறிய பிள்ளைகளுக்கு, எலும்பையும் நரம்பையும் தாய்மொழியில் கற்பித்து அவர் மருத்துவர்களை உருவாக்கினார். அங்கே நடந்தது இங்கே நடக்காமற்போவதற்கு நியாயமில்லை.

ஆதலால், பேராசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். இக்கல்லூரிகளின் சரீரக் கூடங்களில் கண்ணாடிப் பெட்டிகளும், எலும்புக்கூடுகளும், தம் உடலைத் தானமாகத் தந்த நல்லோரின் அவயவங்களும் இருக்கின்றன. சட்டமும் கல்லூரி விதிகளும் இடந்தரும் அளவில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அக்கூடங்களின் கதவை நீவும் தொழிலாளருக்கும், முடிதிருத்துவோருக்கும், எலும்பு கட்டுபவருக்கும், பிள்ளை குளிப்பாட்டும் பெண்களுக்கும் திறந்துவிடுங்கள். பட்டமும் சான்றிதழும் வேண்டாம். தமிழில், கண்ணுக்கெதிரே, முழங்கைப் பள்ளத்து நரம்பையும், கழுத்துத் தமனியையும், கெண்டைக்காலின் ஆழச் சிரையையும், கட்டுக்குள் சாகும் முன்கைத் தசையையும், உச்சிக்குழியையும் காட்டுங்கள். எந்த நோவோடு வந்தவரைத் தொடாமல் உங்களிடம் அனுப்ப வேண்டுமென்று சொல்லிக்கொடுங்கள். தாம்பரத்துச் சித்த மாணவர்களையும் அழையுங்கள். வர்மத் தலங்களை அவர்கள் சுட்ட, அவற்றின் அடியிலுள்ள நரம்பையும் தமனியையும் நீங்கள் சுட்டுங்கள். கற்க வருகிற பெரியோர்களே, நீங்களும் கூச்சப்படாமல் வாருங்கள். நாற்பது ஆண்டு உங்கள் விரல்கள் தொட்டறிந்ததை இம்மாணவர்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது. அதை அவர்களுக்குச் சொல்லுங்கள். முதல் வகுப்பை எப்போது தொடங்கலாமென்று இந்தக் கூட்டம் கலையுமுன் இங்கேயே பேசி முடிவுசெய்யும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.